இருப்பதை இருக்கிறபடி வரைக

ஜனவரி 2, வியாழன்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாளே பாடநூல் கம்பெனிக்காரர் வந்து ஆளுக்கொரு டைரி கொடுத்தார். கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கு ஜிப் வைத்த தோல் டைரி. தமிழம்மாவுக்குக்கூட ரெக்சின். எனக்கும் பி.டி. சாருக்கும் காகித அட்டை. ஓவிய ஆசிரியை இந்தப் பள்ளியில் எந்தப் படியில் நிற்கிறாள் என்பதை அந்த மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. கிடைத்ததை ஏன் வீணாக்க வேண்டும் என்று எழுதத் தொடங்குகிறேன்.

மதியம் தாளாளர் தங்கமாரியப்பன் கூப்பிட்டனுப்பினார்.

"செண்பகம் மிஸ், வார ஜூன்ல இருந்து டிராயிங் பீரியட எடுத்துட்டு ஃபவுண்டேஷன் மேத்ஸ் வைக்கலாம்னு இருக்கோம். பேரன்ட்ஸ் எல்லாம் கேக்காங்க."

"யாரு சார் கேக்காங்க?"

"கேப்பாங்கல்ல."

அப்படியென்றால் எனக்கு என்ன வேலை என்றேன். என் கையெழுத்து அழகாக இருப்பதால் ஆபீசில் உட்கார்ந்து ஃபீஸ் பில் எழுதலாமாம். கோவில்பட்டியில் இந்த ஒரே பள்ளியில் பதினோரு வருடம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஓவியம் எடுத்தவளுக்குக் கிடைத்த பதவி உயர்வு. வாய் சும்மா இருக்கவில்லை. பிப்ரவரி ஒன்றாம் தேதி நடக்கும் கண்காட்சியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரைந்ததை வைக்கிறேன், பெற்றோர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றேன். அவர் யோசித்தார்.

"சரி. கருத்து நோட்டு ஒண்ணு வைப்போம். டிராயிங் வேணும்னு ஒரு பத்து பேரு எழுதட்டும், பீரியட விட்டுருதேன். என்ன போடச் சொல்லப் போறீங்க?"

"வீட்டுல இருக்கிற சாமான் சார். டம்ளர், செருப்பு, வாரியல்."

"வீடு கூட்டுத வாரியலப் பாக்கவா பேரன்ட்ஸ் வருவாங்க?"

பத்துக் கையெழுத்து. என் பீரியடின் உயிர் அதில் இருக்கிறது.

ஜனவரி 3, வெள்ளி

ஆறாம் வகுப்பு பி பிரிவு. மேசை மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, "இதைப் பார்த்து வரைங்க" என்றேன். முப்பத்தெட்டுப் பேர். இருபத்தொன்பது தாளில் இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து ஆறு, ஆற்றங்கரையில் ஓட்டு வீடு, ஒரு தென்னை. டம்ளர் எங்கே என்று கேட்டால் ஆற்றங்கரையைக் காட்டுகிறார்கள். வீட்டைவிடப் பெரிய டம்ளர் நிற்கிறது.

"ஏல, மலை எங்க இருக்கு இங்க?"

"எப்பவும் போடுவோம் மிஸ்."

ஊரில் இருப்பது ஒரே ஒரு கதிரேசன் மலை. இவர்கள் இரண்டு போடுகிறார்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கும் ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆறு இல்லாமல் படம் முடியவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். இவர்களுக்கும் இவர்கள் அண்ணன், அக்காமாருக்கும் பதினோரு வருடமாகச் சொல்லிக் கொடுத்தது யார் என்று நினைவு வந்ததும் மூடிக்கொண்டேன்.

என் மகள் மிருதுளாவும் அதே வகுப்புதான். அவள் மலை போடவில்லை. டம்ளரைச் சாய்வாக, ஒரு பக்கம் நசுங்கினது போலப் போட்டிருந்தாள். அவளுக்குக் கை வராது. வீட்டுக்கு வந்ததும் கோட்டை நேராக்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 4, சனி

மாவு ஆட்டினேன். போர்வைகளை ஊற வைத்தேன். துறைமுக வேலையிலிருந்து என் வீட்டுக்காரர் தூத்துக்குடி பஸ்ஸில் வந்து சேர மதியம் ஆகிவிட்டது.

ஜெராக்ஸ் கடை மாரிக்கண்ணு ஒரு பை நிறைய நோட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் உயிரியல் ரெக்கார்டு. அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு. காலையும் மாலையும் டியூஷன் போகிற பிள்ளைகளுக்குப் படம் வரைய நேரம் ஏது, பாவம். வருடா வருடம் நான்தான் வரைந்து கொடுக்கிறேன். ஓர் உதவிதான். கையில் கொடுப்பதை வாங்கிக்கொள்வேன். எல்லாம் ஒரே பிரவுன் அட்டை. மேலே லேபிள் இருக்கும், நான் படிப்பதில்லை.

இன்று நான்கு இதயம், மூன்று செம்பருத்தி. கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

மேசையில் வந்து உட்கார்ந்த மிருதுளாவை எழுப்பிவிட்டேன். அவள் வந்தால் மேசை ஆடும்.

ஜனவரி 8, புதன்

நேற்று வீட்டுப்பாடம் கொடுத்தேன்: வீட்டில் உள்ள ஒரு பொருளைப் பார்த்து வரைந்து வா. இன்று வந்ததை எல்லாம் இங்கே எழுதி வைக்க வேண்டும். பிற்காலத்தில் எவரும் நம்ப மாட்டார்கள்.

கவின் ஒரு குக்கர் கொண்டு வந்தான். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம், எல்லாவற்றுக்கும் மில்லிமீட்டரில் அளவு. அப்பா சிவில் இன்ஜினியர். இன்னொருத்தியின் குத்துவிளக்கில் அவள் அம்மாவின் மார்கழிக் கோலக் கை அப்படியே தெரிந்தது. ஆறு பேரின் தண்ணீர்க் குடம் ஒன்றுக்கொன்று அச்சு அசல். மாரிக்கண்ணு கடையில் பிரதி எடுத்தது. இரண்டில் மெஷினின் சூடுகூட ஆறவில்லை. ஒரு பையனின் மின்விசிறிக்குக் கீழே, பழக்க தோஷத்தில், அவன் தாத்தா கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. முழுப் பீரியடும் பேசினேன். "அடுத்தவங்க கையால வரைஞ்சத உன் பேருல குடுத்தா அது திருட்டு. வரைஞ்சு குடுத்தவங்க மேலயும் தப்புதான். உனக்குக் கண்ணு இருக்கு, அதை அவிச்சுட்டு அவங்க கண்ண மாட்டி விடுதாங்க" என்றேன். நன்றாகத்தான் பேசினேன். வகுப்பே தலை குனிந்தது. மிருதுளா மட்டும் குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்வையோ.

மாலையில் வீட்டில் "காபி வேணுமா மிஸ்?" என்று கேட்டாள். வீட்டில் என்னட்டி மிஸ் என்றேன். காபியை வைத்துவிட்டுப் போனாள். ஆறு சிறுநீரகம் முடித்தேன்.

ஜனவரி 9, வியாழன்

கவினின் அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார்.

"மிஸ், நான் மூணு மணி நேரம் ஒக்காந்து போட்ட படம். பத்துக்கு நாலா?"

"நீங்க போட்டீங்கன்னு ஒத்துக்கிடுதீங்களா சார்?"

"அது வேற விசயம். குக்கர்ல என்ன தப்பு, அதச் சொல்லுங்க."

தப்பே இல்லை சார், அதுதான் தப்பு என்று சொல்ல நினைத்தேன். மேல்தோற்றத்தில் வெயிட் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். தாளை வாங்கிப் பார்த்தவர் முகம் வாடிவிட்டது. நாளைக்குத் திருத்திக் கொண்டு வருவார் என்று பயமாக இருக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

கணக்கு அய்யாத்துரை சார் வழக்கம்போல என் பீரியடைக் கேட்டார். கொடுக்கவில்லை. பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை. மனிதர் வாசலிலேயே நின்றார், ஏதோ நான் அவர் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கிவிட்ட மாதிரி. இத்தனை நாள் கேட்டவுடன் கொடுத்தது என் நல்ல மனம். ஸ்டாஃப் ரூமில் சும்மாவா உட்கார்ந்திருந்தேன், ரெக்கார்டு வேலை கொஞ்சம் ஓடும்.

இனி எல்லாம் வகுப்பில்தான் வரைய வேண்டும். ரப்பர் கூடாது. கண்ணுக்குத் தெரிவது அத்தனையும் தாளில் இருக்க வேண்டும், தெரியாதது எதுவும் இருக்கக் கூடாது. ரப்பர்களை எல்லாம் ஒரு டப்பாவில் வாங்கி வைத்தேன். ஸ்ட்ராபெரி வாசனை ரப்பரைக் கொடுத்த பிள்ளை அழுதேவிட்டது. திங்கட்கிழமை ஆளுக்கொரு டம்ளர் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

போகிக்குப் பழையதைக் கொளுத்த வேண்டும் என்பார்கள். நான் பல குடும்பங்களின் மானத்தைக் கொளுத்திவிட்டேன்.

பாத்திரத்தில் பேர் வெட்டுகிற பழக்கத்தை மறந்து போயிருந்தேன். கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, பிள்ளைகள் டம்ளரில் வெட்டியிருந்த எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்துவிட்டார்கள். முப்பத்தெட்டு டம்ளரில் சொந்தப் பேர் இருந்தது இருபதில்தான். தர்ஷனின் டம்ளரில் "மங்களாம்பிகை மஹால்". கல்யாண மண்டபத்து டம்ளர் இவர்கள் வீட்டு அலமாரிக்கு எந்த முகூர்த்தத்தில் வந்தது என்று தெரியவில்லை. இன்னொருத்தி வீட்டு டம்ளரில் "வி. கோமதி". கோமதி யார் என்றால், பழைய வாடகை வீட்டில் பக்கத்து போர்ஷன் அத்தை என்கிறாள். கவினின் டம்ளரில் அவன் ஆச்சி பேரும் கல்யாணத் தேதியும். அந்தத் தேதியின் எட்டை அவன் வரைந்திருந்த அழகை நான் சொல்லியே ஆக வேண்டும். புள்ளிகள் நடுவில் ஓர் இடத்தில் மெஷின் வழுக்கிய கீறல்கூட இருந்தது. முந்தாநாள் வரை தென்னை போட்ட கை.

மலை ஒன்றுகூட இல்லை. நான் சிரித்தேன், பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

ஜனவரி 14, செவ்வாய்

குக்கரில் பொங்கல், கேஸ் அடுப்பைச் சுற்றி மஞ்சள் கொத்து. பொங்கி வழியவில்லை, விசில் அடித்தது. நான்கு விசில்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ரெக்கார்டு நோட்டை எடுத்ததும் அவர் ஆரம்பித்தார்.

"ஊருல உள்ள பிள்ளைக்கெல்லாம் இதயம் போட்டுக் குடுக்க. நம்ம பிள்ளைக்கு ஒரு கோடு போடச் சொல்லிக் குடுத்தியா?"

"அவளுக்குக் கை வராதுங்க."

"அவ கையில பென்சில் இருக்கும்போது நீ பாத்திருக்கியா? நீ வந்து நேராக்கின பெறவுதான் பாக்க."

பண்டிகை நாளும் அதுவுமாக எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

கோமதியம்மாளுக்கு ஒன்பது வருடம் கழித்து டம்ளர் திரும்பக் கிடைத்ததாம். அவர் பதிலுக்கு, தன் வீட்டில் இருந்த இவர்களின் தோசைத் திருப்பியைக் கொடுத்தாராம். பள்ளிக்கூடத்து ஓவிய வகுப்பு பண்டமாற்று அலுவலகம் ஆகிவிட்டது.

ஜனவரி 22, புதன்

இன்று செருப்பு. ஆளுக்கொரு செருப்பைக் கழற்றி டெஸ்க் மேல் வைக்கச் சொன்னேன். பிரின்சிபால் மேடம் ரவுண்ட்ஸ் வந்து முப்பத்தெட்டுச் செருப்பு மேசை மேல் இருப்பதைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

தேய்ந்த குதிகால், அறுந்து ஊக்கு போட்ட வார், அண்ணனுக்குச் சிறிதாகிப் போனதை இவன் போட்டதில் இருக்கும் இரண்டு கால் தடம். பிள்ளைகள் எதையும் விடவில்லை. ஒரு பெண், "மிஸ், இது எங்கம்மா தச்ச நூலு, கலர் மாத்தித் தச்சிருக்காங்க, இப்பத்தான் பாக்கேன்" என்றாள். தினம் காலில் மாட்டிக்கொண்டு திரிகிற செருப்பு. எனக்குக் கண் கலங்கியது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

அய்யாத்துரை சார்கூட, "வட்டம்லாம் இப்ப ஒழுங்கா போடுதாங்க, என்ன மந்திரம் போட்டீங்க?" என்று கேட்டார். பீரியட் கேட்க வந்தவர், கேட்காமலே போய்விட்டார்.

ஜனவரி 24, வெள்ளி

மாரிக்கண்ணு இரண்டாவது பையும் கொண்டு வந்துவிட்டாள். மேசையில் இடமே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுகிறேன். மிருதுளா தரையில், பலகை மேல் தாளை வைத்து ஏதோ போட்டுக்கொண்டிருக்கிறாள். எட்டிப் பார்த்தால் மூடிக்கொள்கிறாள்.

"என்னட்டி போடுத?"

"வீட்டுல உள்ள பொருளு மிஸ்."

இரண்டு வாரமாக மிஸ்தான். எனக்குச் சலித்துவிட்டது, திருத்துவதில்லை.

ஜனவரி 30, வியாழன்

எல்லாப் படமும் வந்துவிட்டது. மிருதுளாவின் படம் மட்டும் "இன்னும் முடிக்கல மிஸ்". சொந்த மகளுக்குச் சலுகை காட்டினேன் என்று பேர் வேண்டாம், நாளைக்குள் வராவிட்டால் இல்லை என்றேன்.

ஜனவரி 31, வெள்ளி

ஹாலில் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டுப் படங்களைத் தொங்கவிட்டோம். நன்றாக இருந்தது. கடைசியில் மிருதுளா வந்து ஒரு தாளை நீட்டிவிட்டு ஓடிவிட்டாள்.

என் மேசை. அதன் மேல் இரண்டு அடுக்கு ரெக்கார்டு நோட்டுகள். ஒன்று விரித்திருக்கிறது, அதில் பாதி முடிந்த இதயம். அதன் மேல் ஒரு கை, இரண்டு வளையல், ஒன்றில் மாட்டிய ஊக்கு, நடுவிரலில் பென்சில் அழுத்திய காய்ப்பு. கைக்கு மேல் என் நீலச் சேலை முந்தானை, தோள், கழுத்து வரை. தலை இல்லை. தாள் பத்தவில்லை போல.

எனக்குக் கை வரும் என்று ஊரே சொல்கிறது. நான் இப்படி ஒரு கையை வரைந்தது கிடையாது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. டம்ளர் எழுத்தை வரைந்த மாதிரி லேபிளையும் வரைந்திருக்கிறாள். எங்கள் பள்ளிப் பேர். பன்னிரண்டு ஏ. மேலே இருந்த நோட்டில் "த. ஸ்ரீவர்ஷினி". அந்தத் 'த' என்றால் தங்கமாரியப்பன். தாளாளரின் மகள். லேபிளை நான் படிப்பதில்லை என்று நான்காம் தேதி எழுதியிருக்கிறேன். படிப்பேன். தெரியும். எல்லாப் பேரும் தெரியும். கையெழுத்துப் போடுகிற உயிரியல் கற்பகம் மிஸ்ஸுக்கும் தெரியும், நாங்கள் இருவரும் ஒரே டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "வேற பொருளே கெடைக்கலயா உனக்கு?"

"தினம் இருக்கிற பொருளத்தான போடச் சொன்னீங்க. நம்ம வீட்டுல தினம் இருக்கிறது அதான்."

"பேர மட்டும் அழிச்சிரலாமா மிது?"

"ரப்பர் கூடாதுன்னீங்க மிஸ்."

படம் என் கைப்பையில் இருக்கிறது. நாளைக்குத் தொங்கவிடப் போவதில்லை. நூற்றுக்கும் மேல் படம் இருக்கிறது, ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியும்?

பிப்ரவரி 1, சனி

எட்டரைக்கே தர்ஷனின் அம்மா வந்துவிட்டார். நேரே அந்த டம்ளர் படத்துக்குப் போனார்.

"டம்ளரப் போடச் சொன்னீங்களா, எங்க மானத்தப் போடச் சொன்னீங்களா? மண்டபத்துக்காரரு எங்க சொந்தக்காரரு மிஸ். இதக் கழட்டுங்க."

"இருக்கிறதத்தான போட்டிருக்கான். பிள்ள என்ன செய்வான்?" என்றேன்.

சொன்ன பிறகு கைப்பையின் ஜிப்பைப் பிடித்தபடி நின்றேன். அந்த அம்மா என்னவெல்லாமோ பேசினார், காதில் விழவில்லை. அவர் போனதும் பையைத் திறந்து, மிருதுளாவின் படத்தை எடுத்து, தர்ஷனின் டம்ளருக்குப் பக்கத்தில் கிளிப் போட்டேன். வீராங்கனை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், பிறகு இரண்டு தடவை பாத்ரூம் போனேன்.

பெற்றோர் வந்தார்கள், அவரவர் பிள்ளை படத்துக்கு முன் நின்று செல்ஃபி எடுத்தார்கள், ஸ்நாக்ஸ் ஸ்டாலுக்குப் போனார்கள். பன்னிரண்டாம் வகுப்பு அம்மாக்கள் இரண்டு பேர் மிருதுளாவின் படத்துக்கு முன் நின்று, லேபிளைப் படித்து, ஒருவரையொருவர் பார்க்காமல் போனார்கள். பதினோரு மணிக்குத் தாளாளர் வந்தார். அந்தப் படத்துக்கு முன் குனிந்தார். லேபிளில் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"யாரு போட்டது?"

"ஆறு பி, மிருதுளா. என் மக."

"தத்ரூபமா இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "இத மட்டும் கழட்டிருங்க மிஸ். வார வருசமும் டிராயிங் இருக்கும். கருத்து நோட்டுல யாரும் எழுதவே வேண்டாம். நான் சொல்லுதேன்ல."

ஒரு மாதமாக நான் தவம் கிடந்தது இதற்குத்தான். கிளிப்பை அமுக்கினால் போதும். மிருதுளா மூன்றடி தள்ளி நின்று ஐ.டி. கார்டு கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள்.

"கழட்ட மாட்டேன் சார்."

"அப்போ ஜூன்ல ஃபீஸ் பில்லுதான்."

"சரி சார்."

மாலை கருத்து நோட்டைப் பார்த்தேன். இருபத்திரண்டு கருத்து. ஸ்கூல் பஸ் லேட். வாஷ்பேசினில் தண்ணீர் இல்லை. சமோசா ஆறிப்போயிருந்தது. கவினின் அப்பா மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தார், தொங்கவிட்ட கயிறு கிடைமட்டமாக இல்லை என்று. "டிராயிங் வேண்டும்" என்று ஒரே ஒரு கருத்து. எழுத்து கோணல், 'ண்'ணுக்குச் சுழி குறைவு, கீழே பெற்றோர் கையெழுத்து இடத்தில் "தர்ஷன்".

பிப்ரவரி 2, ஞாயிறு

துணி துவைத்தேன். மீன் வாங்கினேன். சமைக்கப் பிடிக்கவில்லை, சமைத்தேன்.

மிருதுளா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "பீரியடு போச்சா?"

"போச்சு."

"என்னாலயா அம்மா?"

இருபத்தைந்து நாள் கழித்து அம்மா. கரண்டியை வைத்துவிட்டு அழுதேன். அவளால் இல்லை என்று சொன்னேன். யாரால் என்பதையும் சொன்னேன். அவள் பதினொரு வயதுக்காரி, அதெல்லாம் எப்போதோ தெரியும் என்பது மாதிரி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 3, திங்கள்

மிச்சமிருந்த நோட்டுகளை வரையாமலே மாரிக்கண்ணுவிடம் திருப்பிக் கொடுத்தேன். முப்பத்தொன்று. அதற்கு வாங்கிய பணத்தையும் திருப்பிவிட்டேன்.

"என்ன மிஸ், கை வலியா?"

"இனிமே வரையல மாரிக்கண்ணு."

"பரீட்சைக்குப் பத்து நாளுதான் இருக்கு. இந்தச் சீசன்ல வேற ஆளு எங்க கெடைக்கும்? பிள்ளைகளுக்கு ஒரு வட்டம் போடத் தெரியாதே!"

ஆமாம், தெரியாது. அவர்கள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கணக்கு சாருக்கு பீரியடைக் கொடுத்துவிட்டு, நான் ஸ்டாஃப் ரூமில் இவர்களின் அக்காமாருக்குச் செம்பருத்தி போட்டுக்கொண்டிருந்தேன். கற்றுக் கொடுக்காமல் இருந்ததால்தான் என் கடைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. இப்படி ஒரு தொழிலை மாரிக்கண்ணுவால்கூட நடத்த முடியாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் பள்ளி வாசலில் கூட்டம். யாரையாவது பஸ் இடித்துவிட்டதோ என்று பதறிப்போனேன். பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோர். படம் இல்லாத ரெக்கார்டை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இவ்வளவு ஃபீஸ் வாங்குதீங்க, பிள்ளைக்கு ஒரு பூவு போடச் சொல்லிக் குடுக்கலயே சார்! டிராயிங் கிளாஸ்னு ஒண்ணு இருக்கா இல்லயா இந்த ஸ்கூல்ல?"

கருத்து நோட்டை ஒருவர் பிடுங்கினார். பத்து கேட்டிருந்தார் தாளாளர். இருபத்தேழு பேர் எழுதினார்கள். உடனடியாக ஓவிய வகுப்பு வேண்டும். தினசரி வேண்டும். ஒருவர் ஓவியத்தின் அவசியம் குறித்து ஒன்றரைப் பக்கம் எழுதி, அடைப்புக்குறிக்குள் "மார்க்" என்று போட்டிருந்தார்.

பதினோரு மணிக்குத் தாளாளர் கூப்பிட்டார். ஏ.சி. அறையில் வேர்த்திருந்தார்.

"இது உங்க வேலையா மிஸ்?"

"இல்ல சார். பேரன்ட்ஸ் கேக்காங்க."

பன்னிரண்டாம் வகுப்புக்கு நாளை முதல் தினம் இரண்டு பீரியட் ஓவியம். ஆறு, ஏழு, எட்டுக்கு ஜூனிலும் தொடரும். இரண்டு பீரியடும் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டவை. அய்யாத்துரை சார் மதியம் என் முன்னால் வந்து நின்று, "ஒரு பீரியட் மட்டும் விட்டுக் குடுங்க மிஸ், போர்ஷன் முடியல" என்று கேட்டார். இந்த நாளைப் பார்க்கவா நான் உயிரோடு இருந்தேன் என்று சந்தோஷப்பட்டேன். வாரியலுக்கும் செருப்புக்கும் கிடைக்காத மரியாதை மார்க்குக்குக் கிடைத்தது, அதில் எனக்கென்ன பெருமை என்றும் தோன்றியது. ஆனாலும் பீரியட் பிழைத்துக்கொண்டது.

பிப்ரவரி 5, புதன்

பன்னிரண்டு ஏ. முதல் வகுப்பு. எல்லாரும் போன வருடத்து ரெக்கார்டை விரித்து வைத்து, பார்த்துப் போடத் தயாராக இருந்தார்கள். எல்லாம் நான் வரைந்தவை. மூடச் சொன்னேன். வேலியோரம் பறித்த செம்பருத்திகளை ஆளுக்கொன்று கொடுத்தேன்.

"படத்துல உள்ள மாதிரி இல்லயே மிஸ்" என்றான் ஒருவன். பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு வருடமாக இதன் பாகங்களைப் பேர் பேராக ஒப்பிக்கிறவன்.

முதல் பெஞ்சில் ஸ்ரீவர்ஷினி. என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, பூவிலேயே கண்ணை வைத்திருந்தாள். கால் மணி நேரம் பென்சிலைத் தொடவில்லை. பிறகு கையைத் தூக்கினாள்.

"மிஸ், இந்தக் குச்சி நுனியில செவப்பா பொட்டு மாதிரி இருக்கே, சூல்முடி. அஞ்சு இருக்கு மிஸ்."

"ஆமா, அதுக்கென்ன?"

"நீங்க எப்பவும் மூணுதான் போடுவீங்க."

வகுப்பில் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. என்னை அவமானப்படுத்தச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. நான் அவள் கையிலிருந்த பூவை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அடுத்தவன் பூவையும் வாங்கிப் பார்த்தேன். ஐந்து. நான் முதன்முதலில் ஒரு பழைய மாணவியின் ரெக்கார்டைப் பார்த்துப் போட்டேன், அதில் மூன்று இருந்தது. அதற்குப் பிறகு எத்தனை நூறு செம்பருத்தி, கற்பகம் மிஸ் கையெழுத்து, மேலே பள்ளி முத்திரை. ஒரு தடவைகூட நான் பூவைப் பார்க்கவில்லை.

"அஞ்சுதான்" என்றேன். ஸ்ரீவர்ஷினியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, அவள் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து வாங்கிக்கொண்டு, நானும் வரையத் தொடங்கினேன்.